உப்பு ஜாடி எங்கே? ஆய்வகத்தில் எலியின் நினைவை அளப்பது இப்படித்தான்

ஊரிலிருந்து அம்மா நார்வேயின் ஸ்தவாங்கருக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அம்மா சமையலறைக்குள் நுழைந்து திகைத்து நிற்கிறார். இந்த ஊர்ச் சமையலறைகள் பலவற்றில் உள்ளதுபோல் சுவர் முழுக்க ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள். கைப்பிடி கிடையாது, அழுத்தினால்தான் திறக்கும். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது. உப்பு ஜாடி எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது?

முதல் நாள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறார். ஐந்தாம் நாள் யோசிக்காமல் ஒரே கதவை அழுத்தி ஜாடியை எடுத்துவிடுகிறார். இந்த ஐந்து நாளில் அவர் மூளைக்குள் ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாற்றம் நிகழ்வது கற்றல், மறுநாளும் அது தங்கியிருப்பது நினைவு.

எப்படித் தெரியும் என்று அம்மாவைக் கேட்டால், “ஜன்னலுக்கு இடப்பக்கம், மேல்தட்டு” என்று சொல்லிவிடுவார். எலியை அப்படிக் கேட்க முடியாது. ஆனாலும் மறதி நோய்க்கு மருந்து தேடுகிறவர்களும், மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்கிறவர்களும் எலிக்கு நினைவிருக்கிறதா என்று தெரிந்துகொண்டாக வேண்டும். நினைவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எலி என்ன செய்கிறது என்பதை மட்டுமே பார்க்க முடியும். அது செய்த காரியத்துக்கு நினைவைத் தவிர வேறு நூறு காரணம் இருக்கலாம். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் சோதனையின் முழு வேலையும். அம்மாவின் சமையலறையை வைத்துக்கொண்டே அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: வெள்ளைக் கதவுக்குப் பதில் வெள்ளைத் தண்ணீர்

எலியைப் புதிர்வழியில் ஓடவிடும் பழக்கம் 1901 முதல் உண்டு. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் வில்லர்ட் ஸ்மால், இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்துப் புதர்ப் புதிர்வழியை மாதிரியாக வைத்து எலிகளுக்கு ஒன்றைக் கட்டினார். கடைசியில் தீனி இருக்கும், எலி அதைத் தேடிப் போகும். இதில் இரண்டு தொல்லைகள். தீனியைத் தேட வேண்டுமென்றால் எலியைப் பட்டினி போட வேண்டும். அதோடு எலிக்கு மூக்கு கூர்மை. முன்னால் போன எலியின் வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம்.

அம்மாவைப் பெருங்காய டப்பாவைத் தேடச் சொன்னால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும், நினைவுக்கு வேலையே இருக்காது. உப்புக்கு வாசனை கிடையாது. அதனால்தான் நம் சோதனைக்கு உப்பு.

எலிக்கு இந்த உப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ரிச்சர்ட் மோரிஸ். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1981இல் தன் முறையை வெளியிட்டார். ஒரு பெரிய வட்டத் தொட்டி. எலிக்கென்றால் ஒன்றரை முதல் 2 மீட்டர் விட்டம் வைப்பார்கள். தண்ணீரில் பாலையோ பால்பவுடரையோ கலந்து அடி தெரியாதபடி வெள்ளையாக்குவார்கள். அதற்குள் ஓரிடத்தில், நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே, எலி ஏறி நிற்கும் அளவுக்கு ஒரு சிறு மேடை. எலி நன்றாக நீந்தும், ஆனால் தண்ணீரில் கிடக்கப் பிடிக்காது. மேடையைக் கண்டுபிடித்து ஏறிவிட வேண்டும் என்று அதற்கே தோன்றும். பட்டினி போட வேண்டியதில்லை. தண்ணீரில் வாசனைத் தடமும் தங்குவதில்லை.

மேடை கண்ணுக்குத் தெரியாது. தொட்டியைச் சுற்றியுள்ள அறை தெரியும். சுவரில் ஒரு படம், ஒரு கதவு, ஒரு விளக்கு, ஓர் அலமாரி. அம்மாவுக்கு ஃபியோர்டைப் பார்த்த ஜன்னல் எப்படி அடையாளமோ, எலிக்கு இவை அப்படி.

முதல் நாள் எலி தொட்டியின் விளிம்பை ஒட்டியே சுற்றிச்சுற்றி வரும். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மேடை அகப்படாவிட்டால் ஆய்வாளர் கையால் வழிகாட்டி மேடைமேல் ஏற்றிவிடுவார். சற்று நேரம் அங்கே நின்று சுற்றுமுற்றும் பார்க்க விடுவார். பிறகு எடுத்துத் துடைத்துச் சூடான இடத்தில் விடுவார். ஒரு நாளைக்குச் சில முறை என்று பல நாள் இது நடக்கும். மேலே ஒரு கேமரா, எலி நீந்திய பாதையை ஒரு கோடாக வரையும். முதல் நாள் அந்தக் கோடு சிக்குண்ட நூல் போலத் தொட்டியை நிறைத்திருக்கும். சில நாளில் அது புறப்பட்ட இடத்துக்கும் மேடைக்கும் நடுவே ஏறக்குறைய நேர்கோடாகிவிடும்.

படி 2: ஜாடியை எடுத்துவிட்டால் கை எங்கே போகும்?

நேர்கோடு வந்துவிட்டால் எலி இடத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது.

அம்மா இடத்தையே கற்காமல், “வாசலிலிருந்து மூன்று எட்டு, வலப்பக்கம் திரும்பு” என்று காலுக்கு மட்டும் பழக்கியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க அவரை ஒருநாள் பால்கனிப் பக்கத்திலிருந்து உள்ளே வரச் சொல்ல வேண்டும். அப்போதும் சரியான கதவுக்கே போனால் இடம் தெரிந்திருக்கிறது என்று பொருள். எலியையும் ஒவ்வொரு முறையும் தொட்டியின் வெவ்வேறு பக்கத்திலிருந்து இறக்குகிறார்கள். மேடை மட்டும் இடம் மாறாது.

இன்னொரு வழியும் உண்டு. எந்தக் கதவு என்று தெரியாமலே, “மேல்தட்டில் மட்டும் பார்த்தால் போதும்” என்று அம்மா ஒரு உத்தியைப் பிடித்துக்கொள்ளலாம். தேடும் நேரம் பாதியாகிவிடும், ஆனால் இடம் தெரியாது. எலியும் இதையே செய்யும். மேடை விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பிடித்துக்கொண்டு அந்தத் தூரத்தில் வட்டமடித்தால் எப்படியும் ஒரு சுற்றில் மேடை காலில் தட்டுப்படும். கடிகாரம் மட்டும் பார்க்கிறவர் இதையும் நினைவு என்று எழுதிவிடுவார்.

ஆகவே ஒரு நாள் ஜாடியையே எடுத்துவிட வேண்டும். உப்பு இல்லாத சமையலறையில் அம்மாவின் கை எந்தக் கதவைத் திரும்பத்திரும்பத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இடம் தெரிந்தவர் அதே கதவைத் திறப்பார், மூடுவார், “இங்கேதானே இருந்தது” என்று மறுபடி திறப்பார்.

மோரிஸ் சோதனையின் உயிர்நாடி இதுதான். பயிற்சி முடிந்த பிறகு ஒருமுறை மேடையை எடுத்துவிட்டு எலியை ஒரு நிமிடம் போல நீந்த விடுகிறார்கள். தொட்டியைக் கற்பனையில் நான்கு கால்பங்காகப் பிரிக்கிறார்கள். எதுவும் நினைவில்லாத எலி ஒவ்வொரு கால்பங்கிலும் ஏறத்தாழ 25 சதவீத நேரத்தைக் கழிக்கும். மேடை இருந்த கால்பங்கில் அதைவிடத் தெளிவாகக் கூடுதல் நேரம் சுற்றினால்தான் எலிக்கு இடம் நினைவிருக்கிறது என்று எழுதலாம். கடைசிப் பயிற்சி முடிந்த கையோடு இதைச் செய்தால் சற்றுமுன் நடந்ததைத்தான் அளக்கிறோம். ஒரு நாள் கழித்துச் செய்தால்தான் நிலைத்த நினைவு பிடிபடும்.

இதற்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. மேடையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவைத்து மறுபடி பழக்குவார்கள். மகள் திடீரென்று உப்பை வேறு அலமாரிக்கு மாற்றியது போல. பழையதை விட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு நாளாகிறது என்பது தனி அளவு. சில மூளைக் கோளாறுகளில் முதல் இடத்தைக் கற்பது பழுதில்லாமல் இருக்கும், மாற்றிக் கற்பதில்தான் குறை தெரியும்.

படி 3: கண்ணாடி போடாமல் தேடினால்?

அம்மாவால் உப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறதியா? மூக்குக்கண்ணாடியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். தோள்வலியால் கையைத் தூக்க முடியாமல் இருக்கலாம். சமைக்கவே அன்று மனமில்லாமல் இருக்கலாம்.

இதைச் சோதிக்க உப்பு ஜாடியை மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்து எடுக்கச் சொன்னால் போதும். அப்போதும் எடுக்க முடியவில்லை என்றால் குறை நினைவில் இல்லை. தொட்டியிலும் மேடையை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, அதன்மேல் ஒரு கொடியையும் நட்டு, எலி நேராக அங்கே போகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சுண்டெலிகளே சாட்சி. ஆய்வகங்களில் வளர்க்கும் சுண்டெலி வம்சங்கள் சிலவற்றில், எஃப்விபி, சி3எச் போன்றவற்றில், விழித்திரையை அழிக்கும் மரபணுக் குறை பரம்பரையாக இருக்கிறது. வளர்வதற்குள் அவற்றுக்குப் பார்வை போய்விடும். பார்வையில்லாத சுண்டெலியிடம் சுவரில் உள்ள படத்தைப் பார்த்து மேடையைக் கண்டுபிடி என்றால் அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

மருந்து கொடுத்த எலி மெதுவாக நீந்தினாலும் நேரம் கூடும். அதனால் நேரத்தோடு நீந்திய தூரத்தையும் வேகத்தையும் சேர்த்தே கணக்கெடுப்பார்கள். சில சுண்டெலிகள் தேடாமல் அப்படியே மிதக்கும். அவற்றுக்கு இடம் தெரிந்திருந்தாலும் நமக்குத் தெரியவராது.

தெரிந்தும் காட்டாமல் இருப்பது உண்மையில் நடக்கும் என்பதை 1930இலேயே எட்வர்ட் டோல்மனும் சார்லஸ் ஹான்சிக்கும் காட்டிவிட்டார்கள். ஒரு கூட்டம் எலிகளைப் பத்து நாள் தீனியில்லாமல் புதிர்வழியில் உலவவிட்டார்கள். அவை தப்புத்தப்பாகத் திரும்பிக்கொண்டிருந்தன. 11ஆம் நாள் கடைசியில் தீனி வைத்தார்கள். அதற்கடுத்த நாளே அவற்றின் தவறுகள் சட்டென்று குறைந்து, முதல் நாளிலிருந்து தீனி பெற்ற எலிகளை எட்டிப்பிடித்துவிட்டன. நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். சமையலறை மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் அப்பா ஒரு கதவையும் தொட்டதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று அவர் நேராகப் போய்க் காப்பித்தூளை எடுக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்ததில் அவர் தலைக்குள் சமையலறையின் வரைபடம் வளர்ந்திருக்கிறது. எலியின் மூளையிலும் இப்படி ஒரு வரைபடம் உண்டு என்று டோல்மன் 1948இல் எழுதினார்.

படி 4: மூளைக்குள் அந்த வரைபடம் எங்கே?

இங்கே கதை நார்வேக்கு வருகிறது. ஆனால் தொடக்கம் அமெரிக்காவில். 1953இல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி படம் வரையும் கைப்பழக்கத்தில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் வரைந்ததே நினைவில்லாமல். வெங்காயம் நறுக்கும் கைத்திறன் ஒருவகை நினைவு, உப்பு இருக்கும் இடம் இன்னொருவகை நினைவு. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு இடம்.

1971இல் லண்டனில் ஜான் ஓகீஃப், ஜொனாதன் தோஸ்த்ரோவ்ஸ்கி இருவரும் எலியின் ஹிப்போகேம்பஸில், குறிப்பிட்ட ஓரிடத்தில் எலி இருக்கும்போது மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார்கள். 1982இல் மோரிஸ், ஓகீஃப் முதலானோர் ஹிப்போகேம்பஸை நீக்கிய எலிகளைத் தொட்டியில் விட்டார்கள். வெளியே தெரிந்த மேடைக்கு அவை போயின. ஒளிந்திருந்த மேடையின் இடத்தைக் கற்க முடியவில்லை. மேசைமேல் வைத்த உப்பைச் சரியாக எடுக்கிறார்கள், அலமாரிக்குள் இருப்பதுதான் பிடிபடவில்லை. படி 3ஐத் தாண்டிப் போகாததால்தான் இந்த முடிவுக்கு இவ்வளவு வலு.

ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேர் ஆண்டர்சன் ஹிப்போகேம்பஸை ஆராயும் பெரிய ஆய்வகத்தை நடத்திவந்தார். அங்கே 1966இல் தேர்யே லோமோ, மயக்கமருந்தில் இருந்த முயல்களின் ஹிப்போகேம்பஸுக்குப் போகும் நரம்புப் பாதையில் விரைவான மின்துடிப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். அதன்பிறகு அதே பாதையில் ஒற்றைத் துடிப்புக்குக் கிடைத்த பதில் முன்பைவிட வலுவாக இருந்தது, அந்த வலு நெடுநேரம் குறையவில்லை. 1968இல் டிம் பிளிஸ் ஓஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய முழு விவரம் 1973இல் வெளிவந்தது. பயன்படுத்தப் பயன்படுத்த நரம்பிணைப்பு வலுவாகிறது என்பது கற்றலின் அடிப்படையாக இருக்கலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அந்த ஆய்வகத்துக்கு மாணவர்களாக வந்தவர்கள் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர். இருவரும் நார்வேயின் மேற்குக் கரையில் வளர்ந்தவர்கள். ஓஸ்லோவில் நீர்த்தொட்டியை வைத்து ஆண்டர்சனோடு அவர்கள் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஹிப்போகேம்பஸின் மேற்பகுதியைச் சேதப்படுத்தினால் எலியால் மேடையின் இடத்தைக் கற்க முடியவில்லை, சேதம் கூடக்கூடக் குறையும் கூடியது. கீழ்ப்பகுதியைச் சேதப்படுத்தியபோது கற்றல் பழுதுபடவில்லை. ஒரே உறுப்புக்குள்ளும் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று நீர்த்தொட்டி பிரித்துக் காட்டியது.

1996இல் இருவரும் திரோன்ஹைமுக்குப் போனார்கள். 2005இல் அவர்களுடைய குழு, ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்திலுள்ள என்டோரைனல் கார்டெக்ஸில் கிரிட் செல்களைக் கண்டது. எலி பெட்டிக்குள் இறைத்த தீனித் துணுக்குகளைப் பொறுக்கித் தின்றபடி திரியும். ஒரு செல் எங்கெல்லாம் துடித்தது என்று குறித்துப் பார்த்தால், சமையலறைத் தரையில் ஊடுபுள்ளி வைத்த கோலம்போல் சம முக்கோணங்களாகப் புள்ளிகள் தெரியும். தரையில் அப்படி எந்தக் குறியும் கிடையாது, மூளையே வைத்துக்கொண்ட புள்ளிகள் அவை. 2014ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஓகீஃபுக்கும் இந்த இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

சோதனையின் நேர்மைக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு இவற்றுக்கு நடுவே இருக்கிறது. லோமோ கண்ட அந்த வலுவூட்டலைத் தடுக்கும் ஏபி5 என்ற மருந்தை மோரிஸ் குழு எலிகளுக்குக் கொடுத்து, அவற்றால் மேடையைக் கற்க முடியவில்லை என்று 1986இல் காட்டியது. பாராட்டு குவிந்தது. 1995இல் அதே மோரிஸ், டேவிட் பேனர்மன் முதலானோருடன் சேர்ந்து தன் முடிவையே மறுபடி சோதித்தார். எலிகளை முதலில் வேறொரு தொட்டியில் மருந்தில்லாமல் பழக்கிவிட்டு, பிறகு புதிய தொட்டியில் மருந்தோடு விட்டார். இந்த முறை அவை கற்றன. வெள்ளைக் கதவு அழுத்தினால் திறக்கும், உப்பு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதை ஒரு வீட்டில் கற்றவர், அடுத்த வீட்டில் இடத்தை மட்டும் கற்றால் போதும். அப்படியானால் அந்த மருந்து முதலில் தடுத்தது இடத்தின் நினைவை மட்டுமா, இந்த விளையாட்டின் விதிகளைக் கற்பதையுமா? புகழ்பெற்ற தன் முடிவின்மேல் தானே கேள்வி வைக்கிற இந்தப் பழக்கம்தான் அறிவியலை நம்பத்தக்கதாக்குகிறது.

படி 5: ஒரு சோதனை போதாது

உப்பைக் கண்டுபிடிப்பது மட்டுமே நினைவாகாது. அதனால் சமையலறையின் வேறு வேலைகளுக்கும் சோதனைகள் உண்டு.

எட்டு டப்பாவில் டப்பாவுக்கொரு முறுக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே காலியாக்கிய டப்பாவை மறுபடி திறக்காமல் எட்டையும் தின்று முடிக்க வேண்டும். 1976இல் டேவிட் ஓல்டன் அமைத்த எட்டுக்கை மேடை இதையே கேட்கிறது. இன்று எதை எதைத் திறந்தோம் என்பது சற்று நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் நினைவு. எட்டில் நான்கில் மட்டும்தான் எப்போதும் தீனி என்று வைத்தால், அந்த நான்கு எவை என்பது நீடித்த நினைவு. ஒரே எலியிடம் இரண்டையும் பிரித்து அளக்கலாம்.

இரண்டு ஒரே மாதிரி டம்ளர்களை அம்மா பார்த்துவிட்டுப் போகிறார். திரும்பி வரும்போது ஒன்றுக்குப் பதில் ஒரு புதிய குவளை. கை முதலில் எதற்குப் போகும்? எலியும் பழைய பொருளைவிடப் புதிய பொருளை அதிக நேரம் மோந்து பார்க்கும். பழையது நினைவில்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். 1988இல் வந்த இந்தச் சோதனையில் பட்டினியும் இல்லை, தண்டனையும் இல்லை.

சூடான கடாயைத் தொட்டவர் மறுநாள் தயங்குவார். இருட்டு அறைக்குள் போன எலிக்குக் காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டு, மறுநாள் உள்ளே போக எவ்வளவு நேரம் தயங்குகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. இதில் பிரிவுகளும் உண்டு. குக்கர் விசிலுக்குப் பின் நீராவியில் கை வெந்தவர், வேறு வீட்டில் விசில் கேட்டாலும் துள்ளுவார். அந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலே பதறுவது வேறு. 1992இல் வெளிவந்த ஆய்வுகள், ஒலிக்கு அஞ்சும் நினைவு மூளையின் அமிக்டலா பகுதியைச் சார்ந்தது என்றும், இடத்துக்கு அஞ்சும் நினைவுக்கு ஹிப்போகேம்பஸும் வேண்டும் என்றும் காட்டின. ஆனால் வலியை மழுங்கடிக்கும் மருந்தைக் கொடுத்தாலும் எலி மறுநாள் தயங்காது. அதை மறதி என்று எழுதுவது பிழை. ஒவ்வொரு சோதனைக்கும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வேறுவகைச் சோதனை இன்னொன்று வேண்டும்.

எலி மட்டும்தான் என்றும் இல்லை. ஸ்தவாங்கர் ஒரு காலத்தில் மீன் டப்பா ஆலைகளின் நகரம். இந்தக் கரையில் மீனை வைத்துச் செய்யும் ஆய்வுக்குப் பஞ்சமே இல்லை, நார்வேயில் சோதனைக்கு எடுக்கும் விலங்குகளில் பெரும்பான்மை மீன்கள்தான். பேர்கனில் தலைமையகம் கொண்ட கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008இல் காட் மீன்களைப் பழக்கினார்கள். விளக்கு மின்னி அணையும், சற்று இடைவெளி விட்டு இரை விழும். அந்த இடைவெளியையும் தாண்டி விளக்கையும் இரையையும் மீன்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டன. மீனுக்கு நினைவு நொடிக்கணக்கு என்று சொல்லித் திரிவதை நாம் விட்டுவிடலாம்.

படி 6: யார் வீட்டில் சமைத்தாலும் ஒரே ருசியா?

1999இல் ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டுடெக் மூவரும் ஒரு வேலை செய்தார்கள். ஒரே மரபுவழிச் சுண்டெலிகளை, ஒரே கருவிகளோடு, ஒரே நேர அட்டவணையில், போர்ட்லண்ட், எட்மண்டன், ஆல்பனி ஆகிய மூன்று ஊர்களில் சோதித்தார்கள். தீனி முதல் கூண்டில் விரிக்கும் தூள்வரை ஒன்றாக்கப் பார்த்தார்கள். ஆனாலும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. ஒரே பக்குவக் குறிப்பு, ஒரே மளிகை, மூன்று வீட்டு ரசம் மூன்று ருசி. ஒரே ஒரு ஆய்வகத்தில் ஒருமுறை கண்டதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பார்ப்பவரின் மனமும் குறுக்கே வரும். எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்று தெரிந்திருந்தால் கண் தானாகவே அதன் பக்கம் சாயும். அதனால் யாருக்கு எது என்பதை அளப்பவரிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும்.

இவ்வளவு கறாரும் வெறும் தாளில் எழுதும் நுணுக்கத்துக்காக இல்லை. தொட்டியில் நீந்துவது ஓர் உயிர். தண்ணீர் குளிர்ந்திருந்தால் நடுங்கும், களைத்தால் மூழ்கும். பொதுவாக 20 முதல் 26 டிகிரிக்குள் தண்ணீரை வைப்பதும், நீந்தி முடித்ததும் துடைத்துச் சூடேற்றுவதும், ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் இருப்பதும் ஆய்வாளரின் கடமை. நார்வேயில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான மாத்தில்சினே அனுமதி தராமல் விலங்குச் சோதனை செய்ய முடியாது. இந்தியாவில் இதைக் கண்காணிக்க 1964லேயே குழு அமைத்தார்கள். வில்லியம் ரஸல், ரெக்ஸ் பர்ச் இருவரும் 1959இல் வகுத்த மூன்று நெறிகள்தான் இன்றும் அடிப்படை: விலங்கில்லாமல் முடியுமானால் அப்படிச் செய், எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. நான் இதோடு சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்று. படி 2ஐயும் 3ஐயும் தாண்டிக் குதித்த சோதனை எதையும் நிரூபிக்காது. அதில் நீந்திய எலிகள் ஒன்றுக்குமில்லாமல் துன்பப்பட்டன. மோசமான அறிவியல் விலங்குக்கும் செய்யும் அநியாயம்.

இனி வல்லாரைக்கு வருவோம்

வல்லாரைத் துவையல் நினைவாற்றலைக் கூட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். 2002இல் புதுதில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இதை எலிகளில் சோதித்து வெளியிட்டார்கள். வல்லாரையின் பலவகைச் சாறுகளில் நீரில் எடுத்த சாறு மட்டும், உடல் எடை கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுத்தபோது, மின்னதிர்ச்சியைத் தவிர்க்கக் கற்கும் சோதனைகளில் எலிகளின் தேர்ச்சியைக் கூட்டியது. மதிப்புள்ள தகவல்தான். ஆனால் இது துவையல் இல்லை, சாறு. மனிதர் இல்லை, எலி. எலியின் அளவை நம் எடையால் பெருக்கி நமக்கு மருந்தளவு கண்டுபிடிக்கவும் முடியாது. துவையல் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு, “எலிகளில் நிரூபிக்கப்பட்டது” என்று அச்சடித்த மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கும் முன் மட்டும் சற்று நில்லுங்கள்.

நின்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வேகம் மட்டும் கூடியதா, இடமும் நினைவிருந்ததா? கண்ணும் காலும் வலியுணர்வும் சரியாக இருந்தனவா என்று பார்த்தார்களா? ஒரே சோதனையா, வேறுவகைச் சோதனையும் அதையே சொன்னதா? வேறொரு ஆய்வகத்திலும் அதே முடிவு வந்ததா? நான்குக்கும் திருப்தியான பதில் வந்தால் அந்த எலிகள் உண்மையாகவே நமக்கு ஒன்றைச் சொல்லியிருக்கின்றன. அப்போதும் அது எலியைப் பற்றிய உண்மை. மனிதருக்குப் பொருந்துமா என்பதை மனிதரிடம் செய்த சோதனைதான் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த மாத்திரையைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.